14 வயது அல்ல, இறக்கவும் இல்லை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர் ஜாக் லூகாஸ் 14 வயதில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் கையெறி குண்டின் மேல் விழுந்து உயிர்விட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 14 என்பது, 1942இல் வயதைக் கூட்டிச் சொல்லி அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தபோது இருந்த வயது. முகாமிலிருந்து நழுவிக் கப்பலில் ஒளிந்துதான் (தப்பியோட அல்ல, போருக்குப் போக!) அந்தத் தீவுக்கே போனார். 1945 பிப்ரவரி 20 அன்று வயது 17. பிறந்தநாள் முடிந்து ஆறே நாள். பதுங்குகுழிக்குள் இரண்டு குண்டுகள் விழுந்தன. ஒன்றின் மேல் பாய்ந்து, மற்றதைத் தன் உடலுக்கடியில் இழுத்துக்கொண்டார். ஒன்று மட்டுமே வெடித்தது. உடலெங்கும் சிதறல்கள், இருபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். அக்டோபரில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் கையால், அந்நாட்டின் மிக உயரிய ராணுவ வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றார். இறந்தது 2008இல், 80 வயதில்.