ஸ்மார்ட் மீட்டர டிரான்ஸ்பார்மர்ல மாட்டுங்க சார் முதல்ல

நம்ம வேலூர்ல ஸ்மார்ட் மீட்டர் (எந்த நேரத்துல எவ்ளோ கரண்ட் போவுதுன்னு தானா கணக்கு அனுப்பற மீட்டர்) பத்தி நடந்த மீட்டிங் வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. எதுவும் எழுதக்கூடாதுன்னு தான் இருந்தேன், முடியல. "ஜனங்க பொறுப்பில்லாம ஏசி போடறாங்க, அதான் டிரான்ஸ்பார்மர் எரிஞ்சி போவுது, ஸ்மார்ட் மீட்டர் வந்தா திருந்துவாங்க"ன்னு மேடைல பேசினாரே ஒரு சாரு, அவர் பேசின ஹால்ல ஏசி எத்தனை டிகிரில ஓடிகினு இருந்துச்சுன்னு யாருமே கேக்கல. முன் வரிசைல ஒருத்தர் கோட்டு போட்டு உக்காந்திருந்தாரு. மே மாசம், வேலூர்ல!

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான். ஸ்மார்ட் மீட்டர முதல்ல டிரான்ஸ்பார்மர்ல மாட்டுங்க, அப்புறம் என் வீட்டுக்கு வாங்க. ஒன்றரை டன் ஏசி சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும், 50 வீட்டுல ஒண்ணா ஓடினா 75 கிலோவாட், 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்ல (மிஞ்சிப்போனா 100 கிலோவாட் தான் தாங்கும்) அப்புறம் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இன்னா மிச்சம்? சத்துவாச்சாரி, காட்பாடி பக்கமெல்லாம் தனி வீட்ட இடிச்சி அபார்ட்மெண்டா கட்டிகினே போறாங்க, தெரு முனைல டிரான்ஸ்பார்மர் மட்டும் அதே பழசு. எந்த நேரத்துல எவ்ளோ லோடுன்னு தெரிஞ்சா எரியறதுக்கு முன்னாடியே பெருசா மாத்தலாம், லோட பிரிச்சி விடலாம். நான் ஒண்ணும் புதுசா சொல்லல, கரண்ட் சப்ளைய சீர்படுத்த 2021ல மத்திய அரசு கொண்டாந்த ஆர்டிஎஸ்எஸ் திட்டத்துலயே ஃபீடருக்கும் (சப்ஸ்டேஷன்லருந்து டிரான்ஸ்பார்மருக்கு வர்ற லைன்) டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வைக்கணும்னு இருக்கு.

போன கோடைல எங்க தெருவுல டிரான்ஸ்பார்மர் போன ராத்திரி, அம்மாவ கைத்தாங்கலா மொட்டமாடிக்கு கூட்டிகினு போனோம். கீழ அனல், மேல கொசு. விடிய விடிய விசிறிகினே, "2012லயே பாத்ததுதாண்டா"ன்னாங்க. சென்னைக்கு 2 மணி நேரம் கரண்ட் கட்டு, நமக்கு பகல் ராத்திரின்னு பாக்காம பிடுங்கினாங்களே, அந்த வருஷம். அப்ப கரண்டே இல்ல, சரி. இப்ப தெரு வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குள்ள வரமாட்டேங்குது.

உடனே "ஓசில 100 யூனிட் வாங்கறவன் பேசறான் பாரு"ன்னு வருவாங்க. ரெண்டு மாசத்துக்கு 100ங்க அது. 500 தாண்டி ஒரு யூனிட் கூட போனா 101லருந்து 200 வரைக்கும் உள்ள ரேட்டே ஏறிடும். அதுக்கு பயந்து ஏசிய 26 டிகிரில வெச்சி, ரூம் குளிர்ந்ததும் நிறுத்திட்டு ஃபேன்ல படுக்கறோம். நாங்க தான் பொறுப்பில்லாதவங்க!

திருட்டு கரண்ட பத்தி ஏன் பேசலன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேக்கறாரு. அதுக்கும் அதே வழி தான் சார். டிரான்ஸ்பார்மர்லருந்து எவ்ளோ போச்சு, வீடுங்கள்ல எவ்ளோ பில் ஆச்சு, கழிச்சா தெரிஞ்சிடப்போவுது.

நேரத்துக்கு ஒரு ரேட்டு வைக்கணும்னு 2023லயே மத்திய அரசு விதி போட்டுச்சி, வெயில் நேரத்துல குறைச்சல், எல்லாரும் கரண்ட் இழுக்கற பீக் நேரத்துல அதிகம். நல்லது தான், தண்ணி மோட்டார மத்தியானம் போடறோம், வாஷிங் மெஷினையும் போடறோம், தூக்கத்த எப்படிங்க மத்தியானத்துக்கு மாத்தறது? சோலாருக்கு 3 கிலோவாட்டுன்னா 78,000 மானியமாம், வாடகைக்கு இருக்கறவன் யார் வீட்டு மாடில போடுவான்?

2016ல ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்ல நம்ம ஊர் பேரு வந்தப்ப எவ்ளோ சந்தோஷப்பட்டோம், எனக்கு அது தான் ஆறல. ஊர ஸ்மார்ட் ஆக்கறேன்னாங்க, இப்ப நம்மள திருத்தறேங்கறாங்க.

அடுத்த மீட்டிங்குக்கு போறவங்க இத மட்டும் கேளுங்க: எங்க தெரு டிரான்ஸ்பார்மர் எத்தனை கேவிஏ, நேத்து ராத்திரி 11 மணிக்கு அதுல எவ்ளோ லோடு? பதில் வந்தா கமெண்ட்ல போடுங்க.