திசுவை எடுக்கும் முன்பே வல்லுநர்களைக் கேளுங்கள்

கட்டிகளின் டிஎன்ஏவைப் படித்து அதிலுள்ள மாற்றங்களைத் தேடும் புற்றுநோய் மரபணுத்தொகுதி ஆய்வுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை ஆயிரம் மாதிரிகள், எவ்வளவு செலவு, எவ்வளவு தரவு என்ற கணக்குகளே முன்னுக்கு வந்து நிற்கின்றன. அந்த ஆய்வை யார் யார் கூடித் திட்டமிட்டார்கள், எந்தக் கட்டத்தில் அவர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஆய்வின் தரம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய கேன்சர் ஜீனோம் அட்லஸ் திட்டம் மூளை, சூலகம், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களை முன்னோட்டமாக எடுத்துக்கொண்டு, முடிவில் 33 வகைப் புற்றுநோய்களையும் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் எட்டியது. தொடக்கத்தில், கட்டி மாதிரியில் தெரியும் உயிரணுக் கருக்களில் 80 சதவீதமாவது புற்றணுக்களுடையவையாக இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். பிறகு அதை 60 சதவீதமாகத் தளர்த்த வேண்டி வந்தது. நாள்தோறும் நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்க்கும் நோய்க்கூற்றியல் வல்லுநருக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும். கணையப் புற்றுநோயில் கட்டி என்று வெட்டியெடுக்கப்படும் திசுவின் பெரும்பகுதி நார்த்திசுவாகவே இருக்க, புற்றணுக்கள் அதனூடே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். எல்லா உறுப்புகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால், அத்தகைய நோயில் தேறும் சில மாதிரிகள் பெரும்பாலான நோயாளிகளின் நிலையைக் காட்டவே காட்டாது.

திசுவைப் பாதுகாக்கும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் ஊறிய திசுவில் டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் சிதைந்து, அந்த எழுத்துகளை வரிசைப்படுத்திப் படிக்கும்போது தைமின் என்ற வேறோர் எழுத்தைப் போலப் படிக்கப்படுவதால், நோயாளியின் உடலில் இல்லாத மாற்றங்கள் தரவில் முளைக்கின்றன. உறைய வைத்த திசுவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் அறுவை அரங்கிலேயே அதற்கான ஏற்பாடு இருந்தாக வேண்டும். அறுவை மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் அது நடக்காது.

புள்ளியியலாளர்களைத் தரவு வந்து குவிந்த பிறகே அழைக்கும் வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. மரபணுத்தொகுதியின் எல்லாப் பகுதிகளிலும் பிறழ்வுகள், அதாவது டிஎன்ஏ மாற்றங்கள், ஒரே வேகத்தில் நேர்வதில்லை. அதைக் கணக்கில் கொள்ளாத பகுப்பாய்வுகளில், மணத்தை உணரும் நுகர்ச்சி ஏற்பிகளுக்கான மரபணுக்களும், டைட்டின் என்ற தசைப் புரதத்துக்கான மிக நீளமான மரபணுவும் புற்றுநோயை உண்டாக்குபவைபோல் பட்டியலில் ஏறிவிட்டன என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மாதிரிகளைக் கூட்டினால் இந்தப் பிழை மறையாது. பொய்யான பெயர்கள் மேலும் பெருகும். மறுபுறம், அரிதாக மாறும் மரபணுவைக் கண்டறிய ஒவ்வொரு நோய் வகையிலும் எத்தனை பேர் தேவை என்பது பணம் ஒதுக்கும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

நோயாளியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கும் புற்றுநோய் மருத்துவரின் குரலும் ஆய்வைத் திட்டமிடும் அறையில் வேண்டும். அட்லஸ் தரவில் பல நோய் வகைகளுக்குத் தொடர்கண்காணிப்புக் காலம் குறுகியது என்பதால், அவற்றைக் கொண்டு உயிர்வாழ்வுக் காலத்தை மதிப்பிடுவதில் எச்சரிக்கை தேவை என்று 2018-இல் ஆய்வாளர்களே எழுதினார்கள். எந்தச் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பியது என்ற விவரம் இல்லாவிட்டால், எவ்வளவு துல்லியமான வரிசையும் மருத்துவருக்குப் பாதிப் பயன்தான்.

நோயாளிகளின் பிரதிநிதிகளையும் வல்லுநர்களாகவே நான் கருதுகிறேன். ஒப்புதல் படிவத்தில் எழுதப்படும் ஒரே வாக்கியம், பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தரவை வேறோர் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, நோயாளியை மீண்டும் தொடர்புகொள்ளலாமா என்பதைத் தீர்மானித்துவிடும். அந்த வாக்கியத்தை, கையெழுத்திடப் போகிறவர்களோடு உட்கார்ந்து எழுதுவதே முறை.

ஆலோசனைக் குழுவின் பெயர்ப்பட்டியலை வெளியிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர்கள் என்ன சொன்னார்கள், எது ஏற்கப்பட்டது, எது எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்பதையும் முதல் மாதிரி சேகரிக்கப்படும் முன்பே வெளியிட வேண்டும் எனப் பொதுப்பணம் தரும் ஒவ்வோர் அமைப்பும் நிபந்தனை விதிக்கட்டும்.