காற்றுக்கு வழி விடுங்கள்

புதிதாக வீடு கட்டுகிற சொந்தங்களிடம் ஒரு வேண்டுகோள். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று நம் கடற்கரையில் எழும்புகிற பல வீடுகளில் ஜன்னல் என்பது வெளிச்சத்துக்கான கண்ணாடி மட்டும்தான். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

ஜன்னல் போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். சாவி, அலமாரி, மேசை போல. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்பே நம்மிடம் சாளரம் இருந்தது, காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீடுகளை ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறது. அவர்களும் கடற்கரைக்காரர்கள்தானே!

பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதைப் பார்த்துக் கடலுக்குப் போகிறவர்கள் நாம். அந்தக் காற்று வீட்டுக்குள் வர வேண்டாமா? பக்கவாட்டில் நகரும் இரண்டு கதவுள்ள தள்ளு ஜன்னல் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். ஒரே சுவரில் ஜன்னல் இருந்தால் காற்றுக்கு வெளியேற வழியில்லை. வெளியேற வழி இல்லாத இடத்துக்குள் அது சரியாக நுழைவதும் இல்லை. எதிர்ச்சுவரிலும் ஒன்று வேண்டும். மேலே வெக்கை போக ஒரு வென்டிலேட்டர் வேண்டும்.

மணல் வரும், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். துருவேறிய கம்பி பருத்துச் சுவரையே வெடிக்க வைக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த ஊர்ப்பக்கம் இது. அதனால்தான் கனத்த மரக்கதவு போட்ட ஜன்னலைச் சொல்கிறேன். வேண்டும்போது விரியத் திறக்கலாம், காற்று மிஞ்சினால் தாழ் போடலாம்.

அப்புறம் இந்த ‘ஒற்றைச் சாளரம்’. கல்லூரிக் கலந்தாய்வு முதல் தொழில் அனுமதி வரை இந்தப் பேச்சுதான். மனு பத்து மேசைக்கு அலையாமல் ஒரே வழியில் போக வேண்டும் என்று வைத்த பெயர், நல்ல பெயர். 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி தருகிற சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். அதுவும் ஒற்றைச் சாளரம்தான். மனுவுக்கு வழி கிடைத்துவிட்டது, சரி. அதில் ஏற்றுகிற வரைபடத்தில் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். ஏற்றுவதற்கு முன் பொறியாளரிடம் கேளுங்கள்: கச்சான் எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும்? வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.