ஆர்ச்சர் மெல்போர்னுக்கு நடந்து போகவில்லை

1861-இல் ஆஸ்திரேலியாவின் முதல் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தை வென்ற ஆர்ச்சர் என்ற குதிரை, நௌரா என்ற ஊரிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் நடந்தே வந்து ஜெயித்தது என்ற கதை இன்னமும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. சிட்னியிலிருந்து அது நீராவிக் கப்பலில் வந்து இறங்கியது. அடுத்த ஆண்டும் அதுவே வென்றது.

உண்மையில் பேச வேண்டியது 1863. திறமையான குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றிச் சமன்செய்யும் பந்தயம் இது. அதனால் ஆர்ச்சருக்கு அந்த ஆண்டு ஏறக்குறைய 72 கிலோ விதித்தார்கள். சரி, அதையும் பயிற்சியாளர் எட்டியென் டி மெஸ்ட்ரே ஏற்றுக்கொண்டு தந்தி அனுப்பினார். அன்று மெல்போர்னில் பொது விடுமுறை. தந்தி தாமதமாகக் கிடைத்தது, ஆர்ச்சரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. சிட்னி உரிமையாளர்களும் கொதித்துப்போய்த் தங்கள் குதிரைகளை விலக்கிக்கொண்டார்கள். முந்தைய ஆண்டு 20 குதிரைகள் ஓடிய களத்தில் வெறும் ஏழுதான் நின்றன. கோப்பையின் வரலாற்றிலேயே மிகச் சிறிய களம் அதுதான். சுமார் 34 கிலோ மட்டும் சுமந்த பேங்கர் என்ற குதிரை வென்றது.