ஆளப் பாக்காம அளவு சொல்லாதீங்க

ஞாயித்துக்கிழமை காலைல கடலூர் சில்வர் பீச்ல நடந்தத பத்தி எழுதவே வேணாம்னுதான் மூணு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன். எடை குறைக்க எவ்ளோ புரோட்டீன் சாப்பிடணும்னு ஒரு ஜிம் ட்ரெய்னர் தம்பி சொன்னதுக்கு நான் சத்தம் போட்டேன், அதுதான் விஷயம். அங்க இருந்தவங்களுக்குத் தெரியும், இல்லாதவங்களும் இந்நேரம் வீடியோ பாத்திருப்பீங்க. ஆனா நேத்து ராத்திரி ஒருத்தர் என்னப் பத்தி "15 கிலோ குறைச்சதும் மேடம் டாக்டர் ஆயிட்டாங்க"ன்னு கமெண்ட் போட்டு, அதுக்கு கீழ எனக்குத் தெரிஞ்சவங்களே சிரிப்பு எமோஜி போட்டிருந்தாங்க, அதப் பாத்ததுலேர்ந்து தூக்கம் வரல. அதனால எழுதிடறேன், பெருசாதான் வரும், பொறுமை இருக்கவங்க படிங்க.

அந்த ட்ரெய்னர் தம்பி பேர நான் சொல்லப் போறதில்ல, அவரு ஜிம் பேரும் வேணாம். அவரு நல்ல பையன்தான், காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வந்து காசு வாங்காம நாலு பேருக்கு எக்சர்சைஸ் சொல்லித் தர்றாரு. எனக்குப் பிரச்சன அவரு இட்லிக்கடை அக்காகிட்ட சொன்ன அந்த நம்பர்தான். அக்கா 88 கிலோ. "தம்பி, நான் தெனம் மீன் கொழம்புதான் வெக்கிறேன், அதுல வர்ற புரோட்டீன் பத்தாதா"ன்னு கேட்டாங்க. அதுக்கு அவரு போன்ல தட்டிப் பாத்துட்டு "உங்களுக்கு ஒரு நாளைக்கு 194 கிராம் புரோட்டீன் வேணும்கா, கொழம்புல இருக்கறதெல்லாம் கணக்குலயே வராது, பவுடர் இல்லாம முடியாது"ன்னாரு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அக்காவும் சேந்து சிரிச்சாங்க, ஆனா முகம் எப்படி ஆச்சுன்னு நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.

194 எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு பவுண்டு எடைக்கு ஒரு கிராம்னு ஒரு கணக்கு, பாடி பில்டிங் பண்றவங்க நடுவுல ரொம்ப காலமா பொழங்குறது. ஒரு கிலோ 2.2 பவுண்டு, 88 கிலோவ அதால பெருக்கினா 194. அவ்ளோதான். அவங்களுக்கு என்ன வயசு, எத்தன வருசமா சுகர், கிட்னி டெஸ்ட் எப்ப எடுத்தாங்க, ஒண்ணுமே கேக்கல. ஆளப் பாக்காம அளவு சொல்லாதீங்கன்னு நான் அன்னிக்கு சத்தமா சொன்னது இதுக்குத்தான். இப்பவும் அதேதான் சொல்றேன்.

எடை குறைக்கறப்போ புரோட்டீன் முக்கியம் இல்லன்னு நான் எங்கயும் சொல்லல. முக்கியம், ரொம்ப முக்கியம். சாப்பாட்டக் குறைச்சா உடம்பு கொழுப்ப மட்டும் எடுத்துக்காது, தசையிலயும் கை வெக்கும். புரோட்டீன் போதுமான அளவு சாப்ட்டு, கூடவே கொஞ்சம் வெயிட்டும் தூக்கினாதான் தசை நிக்கும். பசியும் அடங்கும். புரோட்டீன்ல வர்ற கலோரில 20லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் அத செரிக்கறதுக்கே செலவாயிடும், சோத்துக்கும் எண்ணெய்க்கும் அந்த அளவு கிடையாது.

ஆனா எவ்ளோ? சாதாரணமா இருக்கற ஒருத்தருக்கு கிலோவுக்கு 0.83 கிராம்னு ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. எடை குறைக்கறவங்க அதுக்கு மேல போகணும், 1.2லேர்ந்து 1.6 வரைக்கும் போனா நம்ம மாதிரி ஆளுங்களுக்குத் தாராளம். அதுவும் இப்ப இருக்கற எடைக்கு இல்ல, நீங்க போய் நிக்க வேண்டிய எடைக்கு. உடம்புல கூடுதலா சேந்த கொழுப்புக்கு யாரும் புரோட்டீன் ஊட்ட வேண்டியதில்ல. அக்கா போக வேண்டிய எடை 62ன்னு வெச்சுக்குங்க, 75லேர்ந்து 100 கிராம்குள்ள முடிஞ்சுடும். 194 எங்க, 75 எங்க. இந்த வித்தியாசத்துலதான் ஒரு ஏழை மனுசி "இது நமக்கு ஆகாது"ன்னு எழுந்து வீட்டுக்குப் போயிடறா.

"ஸ்டடி இருக்கு மேடம், டயட்ல இருக்கறப்போ கிலோவுக்கு 2.4 கிராம் சாப்ட்டாதான் தசை ஏறும்"னு ஒருத்தர் லிங்க் போட்டிருந்தாரு. நான் படிச்சேன் சார், நல்லாவே படிச்சேன். 2016ல வந்தது, கனடா மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில பண்ணது. 40 பேரு, எல்லாரும் இளவயசு ஆம்பளைங்க, நாலு வாரம், தேவையான கலோரில 40 சதவீதம் வெட்டி, வாரத்துக்கு ஆறு நாள் கடுமையான பயிற்சி. கிலோவுக்கு 2.4 கிராம் சாப்ட்டவங்களுக்கு தசை 1.2 கிலோ கூடுச்சு, நெஜம்தான், கொழுப்பும் அவங்களுக்குத்தான் அதிகமா கொறைஞ்சுது. ஆனா அதே ஆய்வுல 1.2 கிராம் சாப்ட்டவங்களுக்கு தசை கொறையவே இல்ல, இருந்தது இருந்தபடியே நின்னுச்சு, அத ஏன் சார் நீங்க சொல்லல? விடிகாலை நாலு மணிக்கு மாவு வழிச்சு ஊத்த ஆரம்பிச்சு பத்தரை வரைக்கும் அடுப்படில நிக்கிற 56 வயசு பொம்பளைக்கும் அந்தப் பசங்களுக்கும் ஒரே நம்பரா?

இன்னொரு பக்கத்துலேர்ந்தும் எனக்கு அடி விழுது. "நம்ம பாட்டி கஞ்சி குடிச்சே நூறு வயசு இருந்தா, இந்த கிராம் கணக்கெல்லாம் எதுக்கு"ன்னு கேக்கறாங்க. இவங்களுக்கு நான் என் கதையத்தான் சொல்ல முடியும். 2019ல காலைல கஞ்சி, மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரி ரெண்டு கோதுமை தோசைன்னு இருந்து நாலு மாசத்துல 11 கிலோ குறைச்சேன். எல்லாரும் பாராட்டினாங்க. சீப்ப எடுத்தா முடி கொத்தா வரும். கீழேந்து மாடிக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கிட்டுப் போக முடியல, படிக்கட்டுல பாதில உக்காந்து அழுதிருக்கேன். ஒரு வருசத்துல 11 கிலோவும் திரும்பி வந்துச்சு, மேல ரெண்டு கிலோவோட. அதுக்கப்புறம் ரெண்டாவது தடவ 86லேர்ந்து 71க்கு வர 14 மாசம் ஆச்சு, ஆனா இன்னிக்கு அதே படில அதே கொடத்தோட நிக்காம ஏறறேன். அதனால கஞ்சி போதும்னு தயவுசெஞ்சு என்கிட்ட சொல்லாதீங்க.

இந்த 14 மாசமும் நான் பவுடர் வாங்கல. பவுடர் விஷம்னு சொல்ல மாட்டேன், வே புரோட்டீன்ங்கறது பால்லேர்ந்து வர்றதுதான், வசதி இருக்கறவங்க, நேரம் இல்லாதவங்க வாங்கிக் குடிங்க. அது இல்லாம முடியாதுன்னு சொல்றதுதான் தப்பு. என் தட்ட சொல்றேன், கேளுங்க. காலைல மூணு இட்லி, சாம்பார், ரெண்டு முட்டை, 22 கிராம் கிட்ட வந்துடும். மத்தியானம் ஒரு கப் சோறு, ஒரு பொரியல், சுத்தம் பண்ண மீன் 150 கிராம், எல்லாம் சேத்து 34. சாயங்காலம் ஒரு கப் கொண்டக்கடலை சுண்டல், ஒரு டீ, 13. ராத்திரி ரெண்டு சப்பாத்தி, ஒரு கப் கெட்டிப் பருப்பு, கொஞ்சம் தயிர், 16. கூட்டிப் பாருங்க, 85. மீனுன்னா வஞ்சிரம் இல்ல, கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்துல காலைல போனா கெடைக்கிற கவளையும் நெத்திலியும்தான். வெல கம்மிங்கறதுக்காக சத்து கம்மி ஆயிடாது, 100 கிராம்ல 20 கிராம் கிட்ட புரோட்டீன் அதுலயும் இருக்கு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், மீன் வெல ஏறும், அந்த ரெண்டு மாசம் முட்டைய ஒண்ணு ரெண்டு கூட்டிப்பேன், கொள்ளும் சோயாவும் வரும். கருவாட்டுல புரோட்டீன் நெறையதான், ஆனா உப்பு, பிரஷர் இருக்கவங்க பாத்து சாப்பிடுங்க.

பண்ருட்டிக்காரங்க கோச்சுக்காதீங்க, முந்திரிய புரோட்டீன் லிஸ்ட்ல சேக்காதீங்க. 100 கிராம்ல 18 கிராம் புரோட்டீன் இருக்கு, ஆனா கொழுப்பு 44 கிராம், 550 கலோரி. எடை குறைக்கறவங்களுக்கு அது நாலஞ்சு பருப்போட நிக்கணும்.

சைவக்காரங்க என்ன பண்றதுன்னு கேக்கறீங்க. சோயா, பன்னீர், தயிர், பருப்பு, கடலை. கஷ்டம்தான், ஒத்துக்கறேன், ஆனா முடியும்.

இப்ப "நீ டாக்டரா"ங்கற கேள்வி. இல்ல. ஆனா எங்கப்பாவுக்கு 18 வருசம் சுகர் இருந்துச்சு. ஒடம்பு எளச்சுப் போச்சேன்னு சொந்தக்காரங்க ஒருத்தங்க பாசத்துல ஒரு பெரிய டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடுத்தாங்க, நாங்களும் தெனம் ரெண்டு வேள பால்ல கலக்கிக் குடுத்தோம். ரெண்டு மாசம் கழிச்சு கால் வீங்கினப்போதான் கிரியேட்டினின், அதாவது கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட் எடுத்தோம், கிட்னி எப்பவோ பாதிக்கு மேல போயிருந்துச்சு. பவுடரால கெட்டுச்சுன்னு நான் சொல்லல, சுகராலதான் கெட்டுச்சு. கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா புரோட்டீன் சாப்ட்டா ஒண்ணும் ஆகறதில்ல, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா கெட்டுப்போன கிட்னி இருக்கறவங்களுக்கு டாக்டருங்க புரோட்டீன குறைக்கச் சொல்றாங்க, கிலோவுக்கு 0.6, 0.8ன்னு. நாங்க அப்பாவுக்கு அள்ளி அள்ளிக் குடுத்துக்கிட்டு இருந்தோம். ஒரு டெஸ்ட், ஒரே ஒரு ரத்த டெஸ்ட் முன்னாடியே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இட்லிக்கடை அக்காவுக்கு ஒம்போது வருசமா சுகர். அதனாலதான் கத்தினேன். தம்பிய அவமானப்படுத்தணும்னு எனக்கு என்ன வேண்டுதல்?

"கொழம்புல இருக்கறதெல்லாம் கணக்குலயே வராது"ன்னு அவரு சொன்னாரு இல்ல, அதுதான் எனக்கு இன்னும் ஆறல, ஏன்னா ஒரு விதத்துல அது உண்மை. எங்க வீட்ல மீன் கொழம்பு வெச்சா மொதல்ல அப்பாவுக்கு நடுத்துண்டு, அப்புறம் அண்ணனுக்கு, அப்புறம் எங்களுக்கு. எங்கம்மா கடைசில உக்காந்து சட்டில மிஞ்சின கொழம்ப சோத்துல ஊத்திப் பெசஞ்சு சாப்புடும், இருந்தா ஒரு தலை. கேட்டா "எனக்குத் தலைதாண்டி புடிக்கும்"னு சொல்லும். நாப்பது வருசம் அத நான் நம்பினேன். இப்ப அதுக்கு 71 வயசு, கீழ உக்காந்தா ஒருத்தர் கை குடுக்காம எழுந்திரிக்க முடியல, தொடை ரெண்டும் அப்படி மெலிஞ்சு கெடக்கு. அந்தம்மாவுக்கு யாரும் பவுண்டு கணக்கு சொல்ல வேணாம், வெச்ச மீன்ல ரெண்டு துண்டு அது தட்டுக்கும் போயிருக்கணும். நம்ம ஊர்ல பாதிப் பொம்பளைங்க வீட்ல மீனு இருக்கு, முட்டை இருக்கு, அவங்க தட்டுல இல்ல. அத யாரும் வீடியோ போட மாட்டேங்கறீங்க.

திங்கக்கெழமலேர்ந்து அக்கா வாக்கிங் வரல. இன்னிக்குக் காலைல கடைக்கே போனேன். கூட்டம் கொறைஞ்சதும் பக்கத்துல வந்து மெதுவா "பாப்பா, 194 கிராமுன்னா எவ்ளோ மீனு"ன்னு கேட்டாங்க. முள்ளெல்லாம் போக ஒரு கிலோ கிட்ட வரும்கான்னேன். "எங்க வீட்ல ஆறு பேருக்கே அரை கிலோதான் வாங்கறோம்"னாங்க. எனக்குப் பேச்சே வரல.

சனிக்கிழமை நானும் அவங்களும் சேந்து டெஸ்ட்டுக்குப் போறோம், கிரியேட்டினினும் யூரின்ல புரோட்டீன் போகுதான்னும் பாக்கறதுக்கு. ரிசல்ட்ட டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் அளவு போட்டுக்கலாம்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் கொழம்பு எறக்கினதும் மொதல்ல அவங்க தட்டுல ரெண்டு துண்டு எடுத்து வெச்சு மூடிட்டு, அப்புறம் மத்தவங்களுக்குப் பரிமாறச் சொன்னேன். "வீட்ல என்ன நெனப்பாங்க பாப்பா"ன்னு கேட்டாங்க. நெனச்சா நெனைக்கட்டும்கா, வெச்சு மூடிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.