தூம்பைக் குத்திவிட ஆள் இல்லை, இடிக்க மட்டும் ஜேசிபி வந்துவிடுகிறது

சனிக்கிழமை நம் பள்ளியின் கிழக்குப் பகுதியை இடித்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோவுக்குக் கீழே குவிந்த கைதட்டல் ஸ்டிக்கர்களை நானும் பார்த்தேன். "ஒருவழியா அந்தப் பாழடைஞ்ச கட்டடம் ஒழிஞ்சுது" என்று எழுதியவர்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். நல்லது. ஆனால் ஜேசிபி வாளி திரும்பத் திரும்ப இடித்தும் அந்த உத்திரம் முறியவில்லையே, அதைக் கவனித்தீர்களா? கடைசியில் சுவரைத் தள்ளித்தான் அதைக் கீழே கொண்டுவந்தார்கள். "எந்த நேரமும் இடிந்து விழும்" என்று சான்றிதழ் வாங்கிய கூரை அது.

ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அந்தக் கட்டடம் வயதாகிச் சாகவில்லை. மாடியில் விழும் மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அதன் கூரை மெட்ராஸ் டெரஸ், கட்டைக்குத்து மச்சு. உத்திரத்தின் மேல் ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை. அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு பதிப்பார்கள். இப்படிப் போட்ட தளம் நூறு வருஷம் தாங்கும். ஒரே நிபந்தனை, தண்ணீர் தேங்கக் கூடாது.

புரட்டாசியில் ஏணி போட்டு ஏறி, சருகை வாரி, தூம்பை ஒரு கம்பியால் குத்திவிடுவது பள்ளிக் காவலரின் வேலையாக இருந்தது. அவர் ஓய்வுபெற்றார், பணியிடம் நிரப்பப்படவில்லை. வேப்பஞ்சருகு தூம்பை அடைத்தது. ஐப்பசி மழை மாடியில் குளம் கட்டியது. தட்டோட்டின் இணைப்பு வழியாகக் கசிந்தது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல், அதன் மேலேயே இன்னொரு மூன்று அங்குலம் ஜல்லி போட்டார்கள். இருபதுக்கு இருபத்துநான்கு அடி வகுப்பறைக்குக் கணக்குப் போடுங்கள்: 480 சதுர அடி, சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. ஆறு டன்னுக்கு மேல்! தேக்குக் கட்டை லேசாகத் தொய்ந்ததும் "கட்டடம் பழசு" என்றார்கள். உங்கள் தலையில் ஆறு டன் வைத்தால் நீங்களும் பழசாகத்தான் தெரிவீர்கள்.

உத்திரம் நடுவில் இற்றுப்போவது அபூர்வம். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் போகும். சுவர் ஈரம் குடித்தால் அந்த முனை நமத்துப்போகும், பின்னாலேயே கரையான் வரும். நம் பள்ளிச் சுவர் ஏன் ஈரம் குடித்தது? வெளியே சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்ததால். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்டும் எமல்ஷனும் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். உப்பு பூத்து, செங்கல்லின் முகமே பொரிப்பொரியாக உதிரும். "சுவர் இற்றுவிட்டது" என்று போட்டோ எடுத்துப் போட்டீர்களே, அது நீங்கள் பூசிய சிமென்டின் கைவேலை.

இதையெல்லாம் சோதிப்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. உத்திரத்தின் அடியில் நூல் பிடித்தால் தொய்வு தெரியும். முனையில் மெல்லிய டிரில் போட்டால் மரத்தூள் வருகிறதா, கறுத்த மாவு வருகிறதா என்று தெரியும். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி எழுதி ஒரு மழைக்காலம் விட்டால், அது நகரும் விரிசலா, என்றைக்கோ நின்றுபோன விரிசலா என்று தெரிந்துவிடும். முனை மட்டும் போயிருந்தால் முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை வெட்டி, இருபுறமும் இரும்பு சேனல் வைத்து போல்ட் போடலாம். இங்கே நடந்த சோதனை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"பிள்ளைங்க தலையில விழுந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சந்தேகம் என்றால் அன்றைக்கே பூட்டுங்கள், ஒரு பிள்ளையையும் உள்ளே விடாதீர்கள். பூட்டுவது வேறு, இடிப்பது வேறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்டது கீற்றுக் கூரையும் ஒடுங்கிய வழியும். 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் மூன்று மாணவர்களைப் பலிகொண்டது பள்ளிக் கழிப்பறைச் சுவர். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. உத்தரவு சரி. ஆனால் 'பழுதடைந்த' என்பதை நம் ஊரில் 'பழைய' என்று வாசித்துவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் காங்கிரீட் கட்டடத்தில் கம்பி துருவேறிப் பல்லிளிக்கிறதே, அதற்கு மட்டும் எப்படி பெயிண்ட் அடித்து வகுப்பு நடக்கிறது?

"செலவாகும்" என்பது நியாயம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், சுண்ணாம்பைப் புளிக்கவைக்கவே வாரக்கணக்காகும். அதை மறுக்கவில்லை. ஆனால் 2012-ல் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறைதானே மீட்டெடுத்தது? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அதற்குள்தானே நடக்கிறது? சென்னைக்கு முடியும், நமக்கு முடியாது. சரிங்க.

"வெள்ளைக்காரன் கட்டினது, அதுக்கு என்ன ஒப்பாரி" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அது போர்டு ஸ்கூல், அந்தக் கால உள்ளாட்சி வாரியத்தின் பள்ளி. நம் ஊரார் கட்டிய வரியில் எழுந்தது. காமராசர் காலத்தில் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின்போது ஊர் ஊராக மக்களே நாற்காலி, கடிகாரம், கரும்பலகை, கட்டடம் என்று கொடுத்தார்கள். நம் பள்ளி வராண்டாவில் 'உபயம்' என்று வெட்டிய கல் ஒன்று இருந்தது. மளிகைக் கடைக்காரர், வண்டிக்காரர், ஒரு விதவைப் பெண்மணி என்று பதினோரு பேர். அந்தக் கல் இப்போது எந்த லாரியில் எந்தப் பள்ளத்துக்குப் போனது என்று கைதட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள். தேக்கு எங்கே போனது என்று நான் கேட்கவேண்டியதில்லை. அது பத்திரமாகத்தான் போயிருக்கும். அறுத்த முகம் எண்ணெய் பூசினாற்போல் மின்னியது, ஒரு பூச்சித் துளை இல்லை. "இற்றுப்போன" மரத்துக்கு அவ்வளவு பேர் விலை கேட்க ஏன் நின்றார்கள்?

மேற்குப் பகுதி இன்னும் நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. யாரும் ஆர்வக்கோளாறில் பிடுங்கிவிடாதீர்கள், வேரோடு செங்கல்லும் வந்துவிடும். தண்டை வெட்டி, துளை போட்டுக் களைக்கொல்லி விட்டு, வேர் காய்ந்தபின் எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். தூம்பு நான்கும் அடைத்துத்தான் கிடக்கின்றன. ஐப்பசிக்குள் ஒரு ஏணி, ஒரு கம்பி, அரைநாள் கூலி. தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தால் கூலியை நான் தருகிறேன்.