ரன்புக்கை ஏஐ கையில் கொடுப்பதற்கு முன்

எங்கள் தெலுக் இந்தான் (பேராக், மலேசியா) வட்டாரத்தில் செம்பனை ஆலைகளின் கணினி வேலை பார்ப்பவர்கள் ஒன்று கூடினால் இப்போது இந்தப் பேச்சுதான். ராத்திரி கணினி பழுதாகி அலர்ட் அடித்தால் ஆளை எழுப்ப வேண்டாம், ஏஐ உதவியாளரே ரன்புக்கைப் படித்துச் சரிசெய்துவிடும் என்கிறார்கள். எனக்கும் இதில் ஆசை உண்டு. ஆனால் நாம் அதன் கையில் கொடுக்கப்போகும் ரன்புக் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சர்வர் நின்றால், டிஸ்க் நிறைந்தால், தரவு போகாமல் தேங்கினால் எதை முதலில் பார்ப்பது, அடுத்து என்ன செய்வது என்று வரிசையாக எழுதி வைக்கும் குறிப்புதான் ரன்புக். இப்படி எழுதி வைத்தவர்கள், அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் செய்பவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சிக்கலைத் தீர்க்கிறார்கள் என்று கூகுள் பொறியாளர்கள் 2016-இல் எழுதினார்கள். என் அனுபவமும் அதுதான்.

சரி, ஆலை எடை மேடையை எடுத்துக்கொள்வோம். லோரி குலையோடு வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிறுதோட்டக்காரரின் காசு. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்தால்தான் நல்லது. நேரம் போகப் போக எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி, தரம் இறங்கும். அதனால் எடை மேடைக் கணினி உறைந்துபோனால் வெளியே லோரி வரிசை நீளும், உள்ளே எல்லாருக்கும் பதற்றம். ரன்புக்கில் இருப்பதோ மூன்று வரி: சேவையை நிறுத்து, மறுபடி தொடங்கு, தேங்கிய எடைச் சீட்டுகளைத் திரும்ப அனுப்பு.

இரவு வேலையில் எடைக் கணக்கு எழுதும் கிராணியைக் கேட்டுப் பாருங்கள். "நிறுத்துறதுக்கு முன்னால, முதல் எடை போட்டுட்டு உள்ள நிக்கிற லோரி எத்தனைன்னு எழுதி வச்சுக்குங்க தம்பி" என்பார். "திரும்ப அனுப்புறதுக்கு முன்னால, எது ஏற்கனவே போய்ச் சேர்ந்திருக்குன்னு பாருங்க" என்பார். இரண்டாவது எச்சரிக்கை சமீபத்தில் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மின் விலைப்பட்டியல் (வரி வாரியத்துக்கு இணையம் வழி போகும் பில்) கட்டாயமானது. பிறகு படிப்படியாக மற்ற பல நிறுவனங்களுக்கும் வந்தது. ஒரே எடைச் சீட்டுக்கு இரண்டு பட்டியல் போய்விட்டால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அது தாண்டினால் தொகையைக் கழிக்க கிரெடிட் நோட், கணக்காளர், விளக்கம் என்று இழுத்துக்கொண்டே போகும். இந்த விதி வருமுன் எழுதிய ரன்புக்குக்கு இதெல்லாம் தெரியாது. கிராணிக்குத் தெரியும். அவர் அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் மூன்று வரிக் குறிப்பு இத்தனை காலம் போதுமானதாகத் தெரிந்தது.

ஏஐ அந்த மூன்று வரியை அப்படியே செய்யும், அதுவும் நொடியில். அவர் தயங்கிய இடத்தில் அது தயங்காது. எதைச் செய்யவேண்டும் என்பதோடு, எப்போது செய்யக்கூடாது, எங்கே நின்று ஆளைக் கூப்பிடவேண்டும் என்பதும் எழுத்தில் இல்லாத ரன்புக்கைத் தானியங்கியாக்கக் கூடாது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ளத் தயாராக இல்லை.

குறிப்பு முழுமையாக இருந்தாலும் போதாது என்பதற்கு அமேசானே சாட்சி. 2017 பிப்ரவரி 28 அன்று, அனுமதி பெற்ற ஊழியர் ஒருவர் வழக்கமான குறிப்பின்படியே கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தவறிவிட்டது. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்று, எஸ்3 என்ற இணையச் சேமிப்புச் சேவை பல மணி நேரம் படுத்துவிட்டது. அதன் பிறகு அமேசான் அந்தக் கருவியையே மாற்றியது: சர்வர்களை மெதுவாகத்தான் கழற்றும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகவே விடாது. ஏஐக்கும் இதே மாதிரி எல்லை கட்டவேண்டும், அதுவும் கருவியிலேயே கட்டவேண்டும். 'இதைத் தொடாதே' என்று வார்த்தையில் சொல்லி வைப்பதை நம்பமுடியாது. 2025 ஜூலையில், நிரல் எழுத உதவும் ரெப்லிட் தளத்தின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு பயனரின் நேரடித் தரவுத்தளத்தை, அதாவது பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை, அழித்தது. அழிக்கும் உரிமையே அதனிடம் இல்லாதிருந்தால் அது நடந்திருக்காது.

இன்னொரு ஆபத்தைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் யாரும் பேசுவதில்லை. ஏஐ லாக்கை, அதாவது நடப்பதையெல்லாம் கணினி தானே எழுதும் பதிவை, படித்து முடிவெடுக்கிறது. லாக்கில் வெளியாள் அனுப்பிய எழுத்தும் வந்து விழும். அதற்குள் ஒருவன் கட்டளை போல ஒரு வரியை ஒளித்து வைத்தால், ஏஐ அதையும் நம் உத்தரவாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் அது தானாகக் கட்டளை எழுதி ஓட்டக்கூடாது. நாம் எழுதிச் சோதித்து வைத்த ஸ்கிரிப்டுகளிலிருந்து (கட்டளைத் தொகுப்புகளிலிருந்து) ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள்.

அப்படியானால் ஏஐ எதற்கு என்று கேட்பீர்கள். விடுபட்ட வரிகளை எழுதத்தான் முதலில் அது வேண்டும். பழைய கோளாறுப் புகார் டிக்கெட்டுகளையும் புலன (வாட்ஸ்அப்) குழுவில் நள்ளிரவில் ஓடிய உரையாடல்களையும், கடவுச்சொல்லும் ஆள் விவரமும் நீக்கிவிட்டு, அதனிடம் கொடுங்கள். ரன்புக்கில் இல்லாத எதையெல்லாம் மனிதர்கள் செய்திருக்கிறார்கள் என்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். இந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. அப்புறம் அந்தப் பட்டியலை அச்சடித்து, கிராணியோடும் இரவு வேலைப் பையன்களோடும் உட்கார்ந்து வரிவரியாகக் கேளுங்கள். சில வரிகளை அவர்கள் சிரித்துக்கொண்டே அடித்துவிடுவார்கள். சிலவற்றுக்கு நமக்குத் தெரியாத காரணம் சொல்வார்கள். அந்தக் காரணத்தையும் எழுதுங்கள்.

இதைச் சொல்லும்போது மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். ஏஐ வந்தால் இரவு ஆட்களைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடும் முதலாளிகள் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து, டிப்ளோமா முடித்து, வீட்டைவிட்டுப் போகமுடியாத பிள்ளைகள் ஐடி துறைக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வேலை வழியாகத்தான். ரன்புக்கில் விடுபட்ட வரிகள் தெரிந்தவர்களும் அவர்கள்தான். அவர்களை அனுப்பிவிட்டால் அடுத்த மாற்றம் வரும்போது ரன்புக்கைத் திருத்த ஆள் இருக்காது.

எதை எங்கே நிறுத்துவது என்பதில் என் கணக்கு இது. லாக்கைப் படித்து, என்ன நடந்தது என்று ஆள் எழுவதற்குள் சுருக்கம் எழுதி வைக்கட்டும். அதற்கு அனுமதியே வேண்டாம். பழைய லாக்கை ஒதுக்கி டிஸ்க்கில் இடம் பிடிப்பதையும், ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்ற எல்லையோடு, தானே செய்யட்டும். எடைச் சீட்டைத் திரும்ப அனுப்புவதற்கு முன், எவை போகும் என்ற பட்டியலைக் காட்டிவிட்டு ஒருவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

பேக்கப்பிலிருந்து நேரடித் தரவுத்தளத்தை மீட்பதை மட்டும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். 2017 ஜனவரி 31-இல், நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்தபோது, நம்பியிருந்த பேக்கப் முறைகள் எதுவும் கைகொடுக்கவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் பழைய ஒரு நகல் தற்செயலாகக் கிடைத்ததால்தான் மீண்டார்கள். அதனால் வாரம்தோறும் பேக்கப்பைத் தனிச் சோதனை சர்வரில் மீட்டு, சீட்டுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து அறிக்கை தரும் வேலையை ஏஐயிடம் கொடுக்கலாம். ஆலை நிர்வாகத்திடம் நான் முதலில் கேட்டிருப்பதும் இதைத்தான்.